2 அடி மீன் டேங்க், செடியும் வளருது பாசியும் வளருது, லைட்ட மாத்தணுமா?

பாசிக்காரன்:
வணக்கம் மக்களே. டேங்க் நீளம் 60, அகலம் 30, உயரம் 36 செ.மீ, சில மாசமா ஓடுது. பின்னாடி ரொட்டாலா ரொட்டுண்டிஃபோலியா, ஒரு ஓரமா வாலிஸ்னேரியா, நடுவுல டிரிஃப்ட்வுட் மேல அனுபியாஸ் நானாவும் ஜாவா ஃபெர்னும் கட்டி வச்சிருக்கேன். சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) தனியா விடுறது கிடையாது. நியான் டெட்ரா கொஞ்சம், செர்ரி இறால் கொஞ்சம். லைட்டு ஒரு எல்இடி பார், டிம்மர் இருக்கு ஆனா ஃபுல்லா தான் வச்சிருக்கேன், காலைல எழுந்ததும் போடுவேன் ராத்திரி படுக்கும்போது ஆஃப், ஏன்னா வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் தான் உக்காந்து பாக்கவே முடியுது.

பிரச்சனை என்னன்னா ரொட்டாலா மேல நல்லா இருக்கு, கீழ பாதி தண்டுல இலையே இல்ல, குச்சி குச்சியா நிக்குது. அனுபியாஸ் இலைல பச்சைப் புள்ளி, விரல வச்சு தேச்சாலும் போக மாட்டேங்குது, இலை ஓரத்துல கருப்பா தாடி மாதிரி வேற வந்திருக்கு. ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடில வரிசையா பழுப்புப் புள்ளி. வாலிஸ்னேரியா மட்டும் எந்தக் கவலையும் இல்லாம ஓடி ஓடி குட்டி போடுது.

கீழ இலை கொட்டுதுன்னா வெளிச்சம் பத்தலன்னு அர்த்தம்னு ஒருத்தர் சொன்னாரு, அதான் இன்னும் பவர்ஃபுல்லா ஒரு லைட் வாங்கலாம்னு பாத்துட்டு இருக்கேன். ஆனா ஒரு டப்பால வாட்ஸ் போட்டிருக்கான், இன்னொண்ணுல லூமென்ஸ், இன்னொண்ணுல 6500 கெல்வின், ஒண்ணுல பார் (PAR)னு ஏதோ கிராஃப். எத பாத்து வாங்கறது?

டைமர்_தம்பி:
வாங்காதீங்க ப்ரோ. டைமர் ஒண்ணு போடுங்க, ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அவ்ளோ தான். நீங்க 14, 15 மணி நேரம் போடுறீங்க போல, பாசிக்கு அது திருவிழா.

பாசிக்காரன்:
6 மணி நேரம்னா நான் வரும்போது இருட்டா இருக்குமே ப்ரோ, அப்புறம் எதுக்கு டேங்க்கு.

நீரடிக்காடு:
செடிக்கு கடிகாரம் பாக்கத் தெரியாது நண்பா. மதியம் 3 மணிக்கு ஆன், ராத்திரி 10 மணிக்கு ஆஃப்னு வைங்க, நீங்க பாக்குற நேரம் முழுசா உள்ள வந்துரும், காலைல ரூம் வெளிச்சமே மீனுக்குப் போதும். நேர் வெயில் மட்டும் கண்ணாடில படாம பாத்துக்கோங்க, அது படுற நேரத்த நீங்க எந்தக் கணக்குலயும் எழுத மாட்டீங்க ஆனா பாசி எழுதிக்கும்.

லைட் விஷயத்துக்கு வரேன், கொஞ்சம் நீளமா போகும். வெளிச்சம் ஏற ஏற செடி வேகமா வளரணும்னு பாக்கும், அப்ப அதுக்கு சிஓ2, நைட்ரேட், பொட்டாசியம், இரும்பு எல்லாமே அதே வேகத்துல வேணும். இதுல எது குறைவோ அது தான் வளர்ச்சிய நிறுத்தும், மிச்சத்த எவ்ளோ கொட்டினாலும் பிரயோஜனம் இல்ல. உங்க டேங்க்ல குறைவா இருக்குறது கண்டிப்பா சிஓ2. காத்தோட சமநிலைல இருக்குற தண்ணில சிஓ2 அரை பிபிஎம் (பத்து லட்சத்துல அரை பங்கு) சுத்தி தான் இருக்கும், மீன் மூச்சு, அடில மக்குற கழிவு இதெல்லாம் சேந்தா கொஞ்சம் கூடும். சிலிண்டர் வச்சு விடுறவங்க 30 பிபிஎம் பக்கத்துல ஓட்டுவாங்க. வித்தியாசத்த பாருங்க. இது போக காத்துல சிஓ2 பரவுற வேகத்துல பத்தாயிரத்துல ஒரு பங்கு வேகத்துல தான் தண்ணில பரவும், அதனால ஃபில்டர் ஓட்டம் படாத மூலைல இலைய சுத்தி இருக்குறது தீந்துட்டா மறுபடி வர லேட் ஆகும். இந்த நிலைமைல பெரிய லைட் மாட்டினா செடி அங்கயே தான் நிக்கும், கொஞ்சத்துலயே வாழத் தெரிஞ்ச பாசி அந்த மிச்ச வெளிச்சத்த எடுத்துக்கும். விரலுக்கேத்த வீக்கம் தான் இருக்கணும், சிஓ2 இல்லாத டேங்க்குக்கு லைட்டும் அடக்கமா தான் இருக்கணும்.

வாலிஸ்னேரியா ஏன் கவலைப்படல தெரியுமா, தண்ணில இருக்குற பைகார்பனேட்ல இருந்தே கார்பன் எடுத்துக்கும் அது. எல்லா செடிக்கும் அந்த வித்தை வராது. அதுவும் உங்க தண்ணி கொஞ்சம் கடினத் தண்ணின்னா அதுக்கு கொண்டாட்டம்.

இப்ப டப்பால போட்டிருக்குற நம்பருங்க. வாட்ஸ்ன்றது எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்றது, எவ்ளோ வெளிச்சம் தருதுன்றது இல்ல. கேலனுக்கு இத்தன வாட்ஸ்னு ஒரு பழைய கணக்கு சுத்திட்டு இருக்கும், அது டியூப் லைட் காலத்துக் கணக்கு, எல்இடிக்கு பொருந்தாது. லூமென்ஸ் மனுஷக் கண்ணுக்கு எவ்ளோ பளிச்சுனு தெரியுதுன்ற அளவு, நம்ம கண்ணுக்கு பச்சை (555 நானோமீட்டர் பக்கம்) தான் ரொம்ப பிரகாசமா தெரியும், அதனால சிவப்பு நீலம் நிறைய இருக்குற ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி எல்இடி) லைட்டுல லூமென்ஸ் கம்மியா இருந்தாலும் செடிக்கு நிறைய கிடைக்கலாம். கெல்வின் வெறும் நிறம், 6500ன்னா பகல் வெளிச்சம் மாதிரி தெரியும், 4000லயும் செடி வளரும் 8000லயும் வளரும், உங்க கண்ணுக்கு எது பிடிக்குதோ அது. செடிக்குன்னு இருக்குற அளவு பார் தான், 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் இருக்குற ஒளித்துகள் ஒரு சதுர மீட்டர்ல ஒரு செகண்டுக்கு எத்தன மைக்ரோமோல் விழுதுன்னு. ஹாபில பொதுவா சொல்றது, அடி மண்ணுல 15–30 இருந்தா லோ லைட், 30–50 மீடியம், அதுக்கு மேல போனா சிஓ2 இல்லாம சமாளிக்கறது கஷ்டம். கிராஃப் பாக்கும்போது எந்த ஆழத்துல அளந்தான்னு பாருங்க, லைட்டுக்கு ஒட்டி அளந்து பெரிய நம்பரா போடுறவனும் இருக்கான்.

பர்ப்பிள் கலர்ல எரியுற க்ரோ லைட்ட விக்க வருவாங்க, தேவையே இல்ல. பச்சை வெளிச்சத்த இலை மொத்தமா திருப்பி அனுப்பிடுதுன்னு ஒரு நம்பிக்கை, உண்மைல பெரும்பாலானத உள்ள இழுத்துக்கும். அந்த பர்ப்பிள்ல மீனப் பாத்தா உடம்பு சரியில்லாத மாதிரி தெரியும், எனக்கு சுத்தமா பிடிக்காது.

உங்க எல்இடி லைட்டுல டிம்மர் இருக்கே, பாதிக்கு இறக்குங்க. வாங்கறது எல்லாம் அப்புறம்.

ரொட்டாலா_ரசிகை:
நீரடிக்காடு அண்ணா சொன்னது சரி, ஆனா கீழ இலை கொட்டறதுக்கு காரணமே வேற, அத யாரும் சொல்லல. ரொட்டாலா தண்ணி மட்டத்துக்கு வந்து மேல படர்ந்துருச்சுல்ல? அதோட தலையே அதோட காலுக்கு நிழல். கொத்தா நட்டிருந்தா உள்ள ஓட்டமும் போகாது. லைட்ட டபுள் பண்ணினாலும் கீழ அதே இருட்டு தான்.

கத்திரிக்கோல் எடுங்க. மேல நல்லா இருக்குற பாகத்த ஒரு 10 செ.மீ அளவுக்கு வெட்டி எடுத்துட்டு, அடில ரெண்டு கணு இலைய கிள்ளிட்டு, ட்வீசர்ல பிடிச்சு கொஞ்சம் சாய்வா மண்ணுக்குள்ள விட்டு ட்வீசர திறந்து மெதுவா உருவணும், நேரா குத்தினா கைய எடுக்கும்போதே மிதந்து வந்துரும், எரிச்சலா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 2 செ.மீயாவது விடுங்க. பழைய அடித்தண்ட வேரோட பிடுங்கி தூக்கி போட்டுருங்க. புதுசா நட்டது வளர்ந்து அடுத்த தடவ ட்ரிம் பண்ணும்போது வெட்டின இடத்துக்குக் கீழ தளிர் ரெண்டு கிளையா வரும், அப்ப இருந்து புதர் மாதிரி ஆகும்.

அப்புறம் ஒண்ணு பாருங்க, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி? நெருக்கமா இருந்தா வெளிச்சம் போதுமான அளவு இருக்குன்னு அர்த்தம். நீண்டு நீண்டு போனா தான் வெளிச்சத்த தேடுதுன்னு எடுத்துக்கணும். வெளிச்சம் பத்துதா பத்தலயான்னு செடியே சொல்லும், மீட்டர் எல்லாம் ரெண்டாவது.

பாசிக்காரன்:
இப்ப போய் பாத்தேன் அக்கா, கணு ரொம்ப நெருக்கமா தான் இருக்கு, நுனி லேசா ரோஸ் கலர் கூட அடிக்குது. அப்ப லைட் பத்தலன்னு சொன்னது தப்பா?

ரொட்டாலா_ரசிகை:
ஆமா. ரோஸ் அடிக்குதுன்னா வெளிச்சம் நல்லாவே இருக்கு, நைட்ரேட் கம்மியா இருந்தாலும் ரொட்டாலா சிவக்கும். சிவப்பு வேணும்னு நைட்ரேட்ட பட்டினி போடுறவங்க இருக்காங்க, அத இப்ப நீங்க ட்ரை பண்ணாதீங்க, மத்த செடியோட பழைய இலை மஞ்சளாகும். டிம் பண்ணினா கொஞ்சம் பச்சையா போகும், பரவால்ல.

இறால்_மாமா:
அனுபியாஸ் பத்தி நான் சொல்றேன். மெதுவா வளர்ற செடி, ஒரு இலை மாசக்கணக்குல அப்படியே இருக்கும், அதனால பாசி வந்து உக்கார அதுக்கு நிறைய நேரம் கிடைக்குது. பச்சைப் புள்ளி நல்ல வெளிச்சத்துல நேரா வச்ச இலைல தான் ஜாஸ்தி வரும், பாஸ்பேட் ரொம்ப கம்மியா இருக்குற டேங்க்லயும் வரும். தேச்சு எடுக்க பாக்காதீங்க, இலை தான் கிழியும். ரொம்ப மோசமான இலைய காம்போட வெட்டிட்டு செடிய மரத்தோட நிழல் பக்கம் மாத்துங்க. மாத்தும்போது அந்த தடிச்ச படுக்கைத் தண்டு இருக்கு பாருங்க ரைசோம், அத மண்ணுல புதைச்சுராதீங்க, அழுகிரும்.

கருப்பு தாடி, அது நிஜத்துல சிவப்புப் பாசி வகை. மரத்த அப்படியே வெளிய எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட பிரஷ்ல தொட்டு தாடி மேல மட்டும் தடவி, ரெண்டு மூணு நிமிஷம் விட்டு நல்லா அலசிட்டு உள்ள வைங்க. அடுத்த சில நாள்ல கருப்பு மாறி ரோஸா சிவப்பா ஆகும், அப்ப செத்துருச்சுன்னு அர்த்தம், அந்த நிலைமைல அமானோ இறால் இருந்தா மேஞ்சுரும். உயிரோட இருக்கும்போது அதுங்க அவ்வளவா சீண்டாது. செர்ரி இறால் கிட்ட பெருசா எதிர்பார்க்காதீங்க. (தகாஷி அமானோன்ற ஜப்பான்காரர் பேரு தான் அந்த இறாலுக்கு, செடி டேங்க்னா இப்படியும் அழகா வைக்கலாம்னு காட்டினவர், 2015ல இறந்துட்டாரு.)

ஜாவா ஃபெர்ன் அடில வரிசையா இருக்குற புள்ளி நோயே இல்ல. பெரணி செடி தானே, அது வித்து. தொட்டா லேசா மேடா சொரசொரன்னு இருக்கும். இலைல ஓட்டை விழுந்து ஓட்டைய சுத்தி மஞ்சளானா மட்டும் பொட்டாசியம் பாருங்க.

டைமர்_தம்பி:
தாடிக்கு லிக்விட் கார்பன் ஊத்தினா ஈசியா போயிரும்னு கேள்விப்பட்டேனே, சிஓ2வும் கிடைச்ச மாதிரி ஆகும்?

இறால்_மாமா:
தம்பி அந்த பாட்டில்ல பெரும்பாலும் இருக்குறது குளுட்டரால்டிஹைட், கிருமிநாசினி. பாசிய கொல்லும், வாஸ்தவம். சிலிண்டர் சிஓ2வுக்கு அது ஈடு இல்ல. முக்கியமா இவரு வாலிஸ்னேரியா வச்சிருக்காரு, அதுக்கு இது ஆகவே ஆகாது, இலை கண்ணாடி மாதிரி ஆகி கரைஞ்சுரும். மாஸ் (moss) வகை செடி சிலதும் அப்படித்தான். டோஸ் கூடினா இறாலுக்கும் மீனுக்கும் ஆபத்து, கைல படாம கிளவுஸ் போட்டு தான் தொடணும். இந்த டேங்க்குக்கு வேண்டாம்.

பாசிக்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மதியம் 4 மணி நேரம், நடுவுல கேப் விட்டு, சாயங்காலம் 4 மணி நேரம்னு பிரிச்சு வைக்கலாமா? எங்கயோ படிச்சேன், நடுவுல விடுறப்ப சிஓ2 மறுபடி சேரும்னு. இன்னொண்ணு, போன்லயே வெளிச்சம் அளக்க ஆப் இருக்காமே?

ரொட்டாலா_ரசிகை:
பிரிச்சு வைக்கறது சிஓ2 விடாத டேங்க்ல அர்த்தம் உள்ளது தான், காலைல இருக்குற கொஞ்ச நஞ்சத்த செடி முதல் சில மணி நேரத்துலயே தின்னுரும், கேப்ல மீனும் பாக்டீரியாவும் திரும்ப சேத்து வைக்கும். நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

நீரடிக்காடு:
அதுல எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்லம்மா, செடிக்கு சிஓ2 சேரும் சரி, அதே சிஓ2 பாசிக்கும் தானே. கெடுதல் இல்ல, ஆனா மொத்த நேரம் 7, 8 தாண்டக்கூடாது, பிரிச்சுட்டோம்ல அப்படின்னு 5 பிளஸ் 5 வைக்கறவங்கள பாத்திருக்கேன். பாசிக்காரன், முதல்ல ஒரே நேரமா 7 வைங்க, ஒரே சமயத்துல நாலு விஷயத்த மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

போன் ஆப் லக்ஸ் (ஒரு சதுர மீட்டர்ல விழுற லூமென்ஸ்) காட்டும், பார் காட்டாது. வெள்ளை எல்இடின்னா லக்ஸ தோராயமா 70ஆல வகுத்தா பார் வரும், அதாவது 2000 லக்ஸ் காட்டினா 30 பக்கம். லைட்ட வெளிய எடுத்து, அடி மண்ணுக்கு எவ்ளோ தூரமோ அதே தூரத்துல போன மல்லாக்க வச்சு பாருங்க. தண்ணியும் கண்ணாடியும் கணக்க கொஞ்சம் மாத்தும், போன் சென்சாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லும், ஆர்ஜிபி லைட்டுக்கு இந்த 70 கணக்கே சரியா வராது. டிம்மர் 50ல வச்சா நிஜமாவே பாதி ஆகுதான்னு பாக்க இது போதும், சில டிம்மர்ல 50ன்னு போட்டிருக்கும் ஆனா பாதி இருக்காது.

பாசிக்காரன்:
ஓகே அண்ணா, 7 மணி நேரம், பாதி வெளிச்சம், ட்ரிம், பெராக்சைடு. சரியா போகுதுன்னு எப்படி தெரியும், பழைய பாசி தான் அப்படியே இருக்குமே?

நீரடிக்காடு:
பழைய இலைய பாக்கவே பாக்காதீங்க, அது திருந்தாது. இன்னைக்கு அப்புறம் வர்ற இலை சுத்தமா வருதா அத மட்டும் பாருங்க. இன்னொரு வழி, முன் கண்ணாடில ஒரு ஓரத்த நல்லா சுரண்டி விட்டுட்டு எத்தன நாள்ல மறுபடி பச்சை படியுதுன்னு பாருங்க, ரெண்டு மூணு நாள்லயே படிஞ்சா இன்னும் இறக்கணும், ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுன்னா லைட்ட தொடாதீங்க. வாரம் ஒருக்கா 30, 40 சதவீதம் தண்ணி மாத்துங்க, மாத்தின கையோட ஃபெர்ட்டிலைசர் பாட்டில்ல போட்டிருக்குற டோஸ்ல பாதி. அப்புறம் நியானுக்கு சாப்பாடு எவ்ளோ போடுறீங்கன்னு நீங்க சொல்லவே இல்ல.

பாசிக்காரன்:
அது கொஞ்சம் தாராளமா தான் அண்ணா...

இறால்_மாமா:
நெனச்சேன்.