கேபோவரில் ஓடுபவன் தினமும் வீட்டைக் கவிழ்க்கிறானா?

கரிச்சான்:
டொலிடோ செல்வம் ஒரு புதுத் தம்பிக்குச் சொன்ன யோசனையைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "எக்ஸ்பிடைட் என்கிற அவசர லோடு ஓட்ட, இன்ஜின் மேலேயே கேபின் உட்காரும் கேபோவர் லாரி வாங்காதே. ஆயில் பார்க்கக்கூட தினமும் கேபினைக் கவிழ்க்கணும், படுக்கை, பாத்திரம், துணிமணி எல்லாம் கண்ணாடியில் போய் விழும்" என்று எழுதியிருக்கிறார். தினமுமாம்! நானும் என் மனைவியும் ஒன்பது வருடமாக 2005 மாடல் ஃபிரைட்லைனர் அர்கோசி கேபோவரில், ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்கும் டீமாக ஓடுகிறோம். போன வருடம் முழுக்க நான் கேபினைத் தூக்கியது நாலு தடவை. ஆயிலும் கூலன்ட்டும் முன்பக்க மூடியைத் திறந்தால் நின்ற இடத்தில் பார்க்கலாம். கேபோவரே ஓட்டாதவர் அதைப் பற்றிச் சொன்னால், பிழைக்க வந்த பிள்ளை நம்பிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். செல்வம் அண்ணன் ஓட்டுவது எம்2 106, இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு வண்டி. அந்தப் பெயரில் இருக்கும் 106 என்ன? முன் பம்பரிலிருந்து கேபின் முதுகு வரை உள்ள அங்குலம். அதன் பின்னால் 100 அங்குல ஸ்லீப்பர், அதாவது படுக்கை அறை, வைத்தால் 206. கேபினும் சரக்குப் பெட்டியும் ஒரே சேஸியில் இருக்கும் ஸ்ட்ரெய்ட் டிரக்குக்கு அமெரிக்காவில் பல மாநிலங்களில் மொத்த நீளம் 40 அடிதான், அதாவது 480 அங்குலம். மிச்சம் 274. நடுவில் விடும் சந்து போனால் 22 அடிப் பெட்டிக்கு மேல் ஏறாது. என் வண்டி படுக்கையோடு சேர்த்து 110 அங்குலத்தில் முடிகிறது. டிரெய்லர் இழுக்கும் பழைய டிராக்டரை வாங்கி, சேஸியை நீட்டி, 28 அடிப் பெட்டி கட்டியிருக்கிறேன். நேராக வைத்தாலே 14 பேலட், அதாவது சரக்கு அடுக்கிய பலகைத் தட்டு. செல்வம் அண்ணனுக்கு நேராக வைத்தால் 10, திருப்பித் திருப்பி இடித்து வைத்தால் 12. இதில் யார் யாருக்கு யோசனை சொல்வது?

டொலிடோ செல்வம்:
வந்துவிட்டார். கரிச்சான், நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். இந்தியானாவில் ஒரு டிரக் ஸ்டாப்பில் எனக்குப் பக்கத்தில் ஒரு அர்கோசி நின்றது. அந்த மனுஷன் பம்பு கைப்பிடியை அடிக்க அடிக்கக் கேபின் மெதுவாக முன்னால் சாய்ந்தது. உள்ளே முதலில் தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. அடுத்து ரைஸ் குக்கர் வந்து கண்ணாடியில் மோதியது. மூடி திறந்து வெந்த சோறு டேஷ்போர்டு முழுக்கக் கொட்டியது. அவர் மனைவி வெளியே நைட்டியோடு, போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இதை நான் மறக்க மாட்டேன். வீடு மாதிரி வாழும் இடத்தை யாராவது கவிழ்ப்பானா?

பேலட் கணக்கு எனக்கும் தெரியும். எக்ஸ்பிடைட்டில் அடிக்குக் காசு தருவதில்லை, நேரத்தில் சேர்ப்பதற்குத் தருகிறார்கள். ஒரு கார் தொழிற்சாலையில் லைன் நின்றுவிட்டால் இரண்டு பேலட் பிராக்கெட்டுக்கு முழு வண்டியை அனுப்புவான். உங்கள் 28 அடியில் 24 அடி காற்றுதான் பயணம் செய்யும்.

கரிச்சான்:
சோறு கொட்டியது அவர் குக்கரை எடுத்து வைக்காத குற்றம். கேபின் குற்றமா? நான் கேட்டது ஒன்றே ஒன்று. தினமுமா?

சின்னத்தம்பி:
அண்ணன்மாரே, அந்தப் புதுத் தம்பி நான்தான். நான் கேட்டது இசூசு என்.பி.ஆர். என்ற சின்ன லாரி பற்றி. அதுவும் கேபோவர்தானே? நீங்கள் இரண்டு பேரும் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

டொலிடோ செல்வம்:
தம்பி, எல்லாக் கேபோவரும் ஒன்றுதான். இன்ஜின் மேலே நீ உட்கார்ந்திருக்கிறாய். இன்ஜினைப் பார்க்கணும் என்றால் உன்னைத் தூக்கணும். முடிந்தது கதை.

ஒர்க்‌ஷாப் குமரன்:
ஒன்று இல்லை அண்ணே. என்.பி.ஆர். கேபினைக் கையாலேயே தூக்கலாம், ஸ்பிரிங் உதவி செய்யும். அர்கோசி மாதிரிப் பெரிய கேபினுக்கு ஹைட்ராலிக் வேண்டும். அதை முழுக்கச் சாய்த்துப் பூட்டு விழுந்த பிறகுதான் கீழே போக வேண்டும். பாதியில் நிற்கும் கேபினுக்குக் கீழே தலையை நுழைத்தவர்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது.

தம்பி, உனக்கு நேராகவே சொல்கிறேன். இங்கே விற்கும் என்.பி.ஆரில் தூங்க இடம் கிடையாது. அவசர லோடுக்குக் காத்திருப்பதே பாதி வேலை. உட்கார்ந்துகொண்டே இரண்டு நாள் காத்திருக்க முடியாது.

இன்னொன்று. அர்கோசியை வட அமெரிக்காவில் விற்பதை 2006-ஓடு நிறுத்திவிட்டார்கள். கலிபோர்னியாவில் 2023 ஜனவரியிலிருந்து கனரக வண்டிக்கு 2010 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜின் வேண்டும். இந்தக் காலத்தில் அர்கோசி வாங்குகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். நீங்கள் கேபின் சாய்வதைப் பற்றி மல்லுக்கட்டுகிறீர்கள்.

கரிச்சான்:
குமரன், கலிபோர்னியா லோடு நான் எடுப்பதே இல்லை. எனக்கு மிச்சிகன், ஒஹாயோ, டென்னசி, டெக்சாஸ் போதும். பேச்சை மாற்றாதீர்கள். செல்வம் இன்னும் பதில் சொல்லவில்லை. தினமுமா, இல்லையா?

டொலிடோ செல்வம்:
கலிபோர்னியா போக முடியாத வண்டியை வைத்துக்கொண்டு மற்றவனுக்குச் சிபாரிசு செய்கிறார், பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போது லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர் கூப்பிட்டால் "அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. எத்தனை முறை மறுத்தால் அடுத்த முறை கூப்பிடுவான்?

தினமுமா என்றால், தினமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நாலு தடவை என்றாலும் வீடு கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான்.

கரிச்சான்:
"வைத்துக்கொள்ளுங்கள்"! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், தினமும் என்று சொன்னவர் இப்போது நாலு தடவைக்கு இறங்கி வந்துவிட்டார்.

ராணி:
நான் ஆறு வருடம் கேபோவர் டீமில் இருந்தவள். மூன்று வருடமாக மூக்கு வண்டி, 100 அங்குல ஸ்லீப்பர். இரண்டிலும் தூங்கியிருக்கிறேன். நீங்கள் இருவரும் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே!

கேபோவரில் சீட்டு முன் ஆக்சிலுக்கு மேலேயே இருக்கும். படுக்கையும் அதற்கு ஒரு முழம் பின்னால்தான். பாலம் தொடங்கும் இடத்தில் சாலை ஒரு விரல் உயர்ந்திருந்தால் போதும், உடம்பு மெத்தையை விட்டு எழும்பி விழும். கணவர் ஓட்டும்போது நான் முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தேன். மூக்கு வண்டியில் படுக்கை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே வருகிறது. அதே ரோடு, அதே வேகம், எழுந்திருக்காமல் ஏழு மணி நேரம் போகிறது. டீமுக்கு அதுதான் காசு. ஒருவர் 11 மணி நேரம் ஓட்டலாம், அடுத்தவர் அதற்குள் உண்மையிலேயே தூங்கியிருக்க வேண்டும். 2020-இல் ஓய்வு விதியில் வந்த மாற்றப்படி ஏழு மணி நேரப் படுக்கையோடு மூன்று மணி நேரம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தாலும் கட்டாயமான பத்து மணி நேர ஓய்வு நிறைந்துவிடும். ஆனால் அந்த ஏழு மணி நேரம் தூக்கமாக இருந்தால்தானே?

விதிப்படி படுக்கை 75 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் இருந்தால் போதும். விதிக்கு அது போதும், மனுஷிக்குப் போதாது. டெக்சாஸ் லரேடோவில் மூன்று நாள் லோடு இல்லாமல் நின்றோம். அவர் நின்றால் நான் படுக்க வேண்டும், நான் நின்றால் அவர் படுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்க இடம் இல்லை. மூன்றாம் நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

கரிச்சான்:
ராணி அக்கா, உங்கள் பழைய வண்டி எது என்று சொல்லவில்லை. தரையின் நடுவில் இன்ஜின் மேடு துருத்திக்கொண்டிருக்கும் பழைய வண்டியாக இருக்கும். என் வண்டியில் தரை ஏறக்குறையச் சமதளம். கேபினுக்கு ஏர் சஸ்பென்ஷன் உண்டு. என் மனைவி ஒன்பது வருடம் அதில்தான் தூங்குகிறார், அவரைக் கேளுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம். உங்கள் கேபோவரைத் தினமும் கவிழ்த்தீர்களா?

ராணி:
தினமும் இல்லை. ஆனால் நான் பேசியது தூக்கத்தைப் பற்றி.

கரிச்சான்:
தினமும் இல்லை! ஆறு வருடம் ஓட்டியவரே சொல்லிவிட்டார். செல்வம், படித்தீர்களா?

எல்ப் நதிக்கரை:
ஹாம்பர்க்கிலிருந்து சொல்கிறேன். இங்கே மூக்கு வண்டியைத் தேடினாலும் கிடைக்காது. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டர், தனி லாரி 12 மீட்டர் என்பது சட்டம். மூக்குக்கு ஒரு மீட்டரை யார் தானம் செய்வார்? அமெரிக்காவிலும் 1982 சட்டம் வந்து டிராக்டர் டிரெய்லரின் மொத்த நீளத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்ட பிறகுதான் எல்லாரும் மூக்குக்கு ஓடினார்கள். ஸ்ட்ரெய்ட் டிரக்குக்கு இன்னும் மொத்த நீளம்தான் கணக்கு. ஆகவே கரிச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயில், வாஷர் தண்ணீர் எல்லாம் முன் மூடியைத் திறந்துதான் பார்க்கிறோம். கேபினைத் தூக்குவது ஒர்க்‌ஷாப் வேலை.

டொலிடோ செல்வம்:
ஐயா, உங்கள் ஊரில் 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் எடுக்கவே கூடாது என்று சட்டம். நீங்கள் ஓட்டல் அறைக்குப் போவீர்கள். நாங்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறோம். வீட்டில் தூங்கப் போகிறவர் வண்டியைக் கவிழ்த்தால் என்ன, கவிழ்க்காவிட்டால் என்ன?

எல்ப் நதிக்கரை:
அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்ததே ஓட்டுநர் மனுஷன் என்பதற்காக. உங்கள் நாட்டில் அது இல்லாததற்கு நான் என்ன செய்ய? கேபின் நசுங்காமல் தாங்குகிறதா என்று ஆர்29 சோதனையும் இங்கே உண்டு. அங்கே கனரக லாரிக்கு அப்படி ஒரு கட்டாயச் சோதனை இருக்கிறதா?

டொலிடோ செல்வம்:
அப்படியென்றால் அமெரிக்கக் கேபோவரில் முன்னால் இடித்தால் உங்கள் முழங்கால்தான் பம்பர் என்று நீங்களே சொல்கிறீர்கள். நன்றி. கரிச்சான், உங்கள் ஆள்தான் சொல்கிறார்.

கரிச்சான்:
அவர் என் ஆள் இல்லை, நியாயம் பேசும் ஆள். முழங்கால் கதையை ஆரம்பிக்காதீர்கள். போன குளிர்காலத்தில் ஐ-75 நெடுஞ்சாலையில் பனியில் சறுக்கி, லோடை ஐந்து மணி நேரம் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? மூக்கு வண்டிதானே? பாதுகாப்பைப் பற்றி உங்களிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை.

டொலிடோ செல்வம்:
அதை இங்கே இழுக்க வேண்டிய அவசியம் என்ன? அன்றைக்கு ரோட்டையே மூடியிருந்தார்கள், நீங்களும் கென்டக்கியில் நின்றுகொண்டிருந்தீர்கள். அப்போதே போனில் "மூக்கு வண்டிக்காரனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? அன்றிலிருந்து நான் உங்களுக்கு ஒரு லோடும் சொல்லவில்லை, இனிமேலும் சொல்ல மாட்டேன்.

ஒர்க்‌ஷாப் குமரன்:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. 28 அடிப் பெட்டியில் கனமான சரக்கை முன்னால் ஏற்றினால் கரிச்சான் வண்டியின் முன் ஆக்சில் எடை எவ்வளவு வருகிறது? கேபின், இன்ஜின், இரண்டு பேர், படுக்கை எல்லாம் ஏற்கெனவே அந்த ஆக்சில் மேல்தான் இருக்கிறது. தராசில் ஏற்றிப் பார்த்த சீட்டு இருந்தால் சொல்லுங்கள். தம்பிக்குப் பிரயோஜனப்படும்.

கரிச்சான்:
சீட்டெல்லாம் வண்டியில் இருக்கிறது, எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதுவா இங்கே கேள்வி? ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார், அதைத் திருத்தச் சொல்கிறேன்.

சின்னத்தம்பி:
குமரன் அண்ணே, என்.பி.ஆரில் படுக்கை இல்லை என்றால் வெளியில் கொடுத்துக் கட்டி வைக்க முடியுமா? சரக்கோடு சேர்த்து மொத்தம் 14,500 பவுண்டுதான் தாங்கும் வண்டியில் படுக்கையும் ஏற்றிவிட்டால் லோடுக்கு எடை மிஞ்சுமா?

டொலிடோ செல்வம்:
தம்பி, அதைக் கட்டினாலும் இன்ஜினைப் பார்க்க அந்தக் கேபினைத் தூக்கத்தான் வேண்டும்.

ஒர்க்‌ஷாப் குமரன்:
எடை பெரிதாக மிஞ்சாது தம்பி. எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பு, உட்கார்ந்து கணக்குப் போடலாம். இங்கே நடக்காது.

ராணி:
நானும் கேட்டுவிட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் காத்திருக்கும்போது இரண்டு பேர் எங்கே நிற்பது?

கரிச்சான்:
வெளியே இறங்கி நிற்கலாம் அக்கா. செல்வம், ஒரே வரியில் எழுதுங்கள். தினமும் கவிழ்க்க வேண்டியதில்லை என்று. எழுதினால் நான் விட்டுவிடுகிறேன்.

டொலிடோ செல்வம்:
எழுத மாட்டேன். அந்தக் குக்கரை நான் பார்த்தேன்.

கரிச்சான்:
அந்த ஆள் அன்றைக்கு ஏன் தூக்கினான் என்று கேட்டீர்களா? ஸ்டார்ட்டர் போயிருக்கும், பெல்ட் அறுந்திருக்கும். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு டேட்டனில் லோடு ஏற்றுகிறேன். ஆயில் பார்ப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறேன். மூடியைத் திறப்பது, டிப்ஸ்டிக்கை உருவுவது, துணியில் துடைப்பது, திரும்ப விட்டு எடுப்பது எல்லாம் வரும். பின்னால் என் மனைவி படுக்கையில் தூங்கிக்கொண்டிருப்பார்.

டொலிடோ செல்வம்:
போடுங்கள். பெல்ட் மாற்றும் அன்றைக்கும் ஒரு வீடியோ போடுங்கள்.