மரத்தில் பெரிய ரொக்கெட்: மோட்டார், துடுப்பு, ஏவுதளம் பற்றிக் கொஞ்சம் விளக்கம் தேவை

கோணமலைப்பொடியன்

வணக்கம் அண்ணாமார். பாடசாலை விஞ்ஞான மன்றத்துக்காக மரத்தால் ஒரு ரொக்கெட் செய்யப் போகிறோம். 80 சென்றிமீற்றர் நீளம், 11 சென்றிமீற்றர் விட்டம், நாலு துடுப்பு. வெளிநாட்டுப் படங்களில் 'எச்' வகை மோட்டார் போட்டு இப்படியானவற்றை ஏவுகிறார்கள். அதே மாதிரி இங்கே செய்ய முடியுமா? முடியாவிட்டால் வேறு எப்படிப் பறக்கவிடுவது? மரம் ஒட்டுப்பலகையா, வேறு ஏதுமா? திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஏவலாம் என்பது எங்கள் எண்ணம்.

உந்துவிசை

தம்பி, முதலில் மோட்டார் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது.

மொத்த உந்தம், அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது, 160 நியூட்டன் செக்கனைத் தாண்டினால் அது உயர்வலு ரொக்கெட். 'எச்' என்பது 160 முதல் 320 வரை, 'ஐ' அதிலிருந்து 640 வரை. அமெரிக்காவில் இந்த இரண்டையும் வாங்குவதற்கே சங்கத்தில் சேர்ந்து, மூத்தவர் ஒருவர் பார்த்திருக்க ஏவி, முதலாம் நிலைச் சான்று எடுக்கவேண்டும். அந்த மோட்டார்கள் தொழிற்சாலையில் செய்து, சோதித்து, முத்திரை பெற்றவை. நம் நாட்டில் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது. திருகோணமலை கடற்படைத் தளமும் விமானப்படைத் தளமும் உள்ள ஊர் என்பதையும் மறக்கவேண்டாம்.

வீட்டில் மருந்து கலந்து குழாயில் அடைக்கும் யோசனை யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அடைத்த மருந்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தால் போதும். எரியும் பரப்பு திடீரென்று கூடும், அழுத்தமும் அதோடு ஏறும், குழாய் சிதறும். பிள்ளைகள் சூழ நிற்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

தண்ணீரும் அழுத்தக் காற்றும்தான் உங்களுக்கு ஏற்ற வழி. 2 லீற்றர் சோடாப் போத்தல், அதில் 650 மில்லிலீற்றர் தண்ணீர், 5 பார் (அழுத்த அலகு) காற்று. கழுத்தின் உள்விட்டம் 21.7 மில்லிமீற்றர், பரப்பு 3.7 சதுர சென்றிமீற்றர். அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கி இரட்டித்தால் தொடக்க உந்துவிசை 370 நியூட்டன் வருகிறது. தண்ணீர் செக்கனுக்கு 31 மீற்றர் வேகத்தில் பீறிடும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், மொத்த உந்தம் ஏறக்குறைய 20 நியூட்டன் செக்கன்தான். 'எச்' வகையின் தொடக்க எல்லையில் எட்டில் ஒரு பங்கு. வெறும் ரொக்கெட் 380 கிராமுக்குள் நின்றால் 40 மீற்றர் அளவு ஏறும். துடுப்பு, சமநிலை, பரசூட் எல்லாம் பெரிய ரொக்கெட்டில் உள்ள அதே வேலைதான். கைவேலையைக் கற்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

உளியும்சீவுளியும்

மரவேலைப் பகுதியை நான் சொல்கிறேன்.

போத்தல் அடியில் இருக்கட்டும், அதற்கு மேலே 30 சென்றிமீற்றர் மரக்குழாய், அதன் மேல் 20 சென்றிமீற்றர் கூம்பு முனை. குழாய்க்கு 0.6 மில்லிமீற்றர் வெனியர் (மெல்லிய மரத்தகடு) இரண்டு சுற்று. அச்சுக்கு 110 மில்லிமீற்றர் பீவீசீ குழாய்த் துண்டு சரியாக வரும். அதன்மேல் பொலித்தீனை இறுக்கிச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பசை பிடித்துக் கழலாது. முதல் சுற்றில் மர இழை குழாயின் நீளவாக்கில் ஓடவேண்டும், அப்போதுதான் தகடு வெடிக்காமல் வளையும். இரண்டாவது சுற்றைச் சாய்வாகச் சுற்றுங்கள். சுடுதண்ணீரில் நனைத்து அச்சில் கட்டி ஒருநாள் காயவிட்டு, பிறகுதான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி மூட்டு திறந்துவிடும். பசை தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கவேண்டும்.

முனைக்கு மலைவேம்பு அல்லது அல்பீசியா. இரண்டும் இலேசு, கடைசலில் சீராக வரும். கட்டையாகவே விட்டால் மலைவேம்பில் 250 கிராம் வந்துவிடும், அதனால் உள்ளே குடையவேண்டும். வழி இதுதான்: இரண்டு பாதிக் கட்டைகளை நடுவில் ஒரு செய்தித்தாள் வைத்து ஒட்டுங்கள். காய்ந்ததும் கூம்பாகக் கடையுங்கள். பிறகு மூட்டில் உளியை வைத்து மெதுவாகத் தட்டினால் தாள் கிழிந்து இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியையும் 10 மில்லிமீற்றர் சுவர் மிஞ்சும்வரை குடைந்து, ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டிவிட்டு, மறுபடி சேர்த்து ஒட்டுங்கள். 120 கிராம் அளவில் நிற்கும்.

துடுப்புக்கு 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. அடி 14, நுனி 8, அகலம் 9 சென்றிமீற்றர். ஒன்று 18 கிராம் வரும். தனிப்பலகையில் வெட்டுவதென்றால் இழை முன்விளிம்புக்கு ஒத்து ஓடவேண்டும், குறுக்கே ஓடினால் தரையில் பட்ட முதல் நாளே பிளக்கும். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெல்லிதாகச் சீவுங்கள்.

இதைக் கவனமாகச் செய்யுங்கள்: துடுப்பைப் போத்தலில் நேரடியாக ஒட்டவேண்டாம். பசை பிடிக்கட்டும் என்று போத்தலை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தக் கீறலில்தான் அது வெடிக்கும். சூட்டுப்பசையும் கூடாது, 70 பாகை அளவிலேயே அந்தப் பிளாஸ்டிக் இளகிவிடும். அதே வெனியரில் ஒரு வளையம் செய்து, துடுப்புகளை அதில் ஒட்டி, வளையத்தைப் போத்தலுக்குப் பாவாடை போல மாட்டுங்கள். காற்று ஏற்றும்போது போத்தல் ஓரிரு மில்லிமீற்றர் பருக்கும், அந்த இடைவெளியை மெல்லிய ஸ்பொஞ்சு நாடாவால் நிரப்புங்கள். இறுக்கமாகச் செய்தால் வளையம் பிளந்துவிடும்.

வார்னிஷ் உள்ளும் புறமும் ஒரே அளவு. வெளிப்பக்கம் மட்டும் பூசினால் உள்பக்கம் ஈரம் குடித்துத் துடுப்பு வளையும். நம் ஊரின் உப்புக்காற்றுக்கு வெட்டுமுனைகள் பஞ்சு மாதிரி உறிஞ்சும், அங்கே மட்டும் மூன்று தடவை. பூசுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். கவனிக்காமல் பூசினால் 40 கிராம்கூட ஏறிவிடும்.

கோணமலைப்பொடியன்

மிக்க நன்றி. இரண்டு கேள்வி. ஒட்டாமல் மாட்டிவைத்துப் பார்த்ததில், தண்ணீர் இல்லாமல் 380 கிராம், முனையிலிருந்து 43 சென்றிமீற்றரில் சமநிலை நிற்கிறது. அதே வடிவத்தை மட்டையில் வெட்டி விரலில் வைத்தால் 52 இல் நிற்கிறது. இது போதுமா? மற்றது, முனையைக் குழாயில் எவ்வளவு இறுக்கமாகப் பொருத்துவது?

உந்துவிசை

மட்டையில் கண்ட இடத்தை அழுத்த மையமாக, அதாவது காற்றின் தள்ளல் ஒன்றுசேரும் புள்ளியாக, எடுத்தால் இடைவெளி 9 சென்றிமீற்றர். விட்டம் 11. குறைந்தது ஒரு விட்டம் வேண்டும். முனைக்குள், நுனியிலிருந்து 10 சென்றிமீற்றரில் 30 கிராம் ஈயக்குண்டை அரல்டைட்டில் பதியுங்கள். வலைக்குக் கட்டும் ஈயமே போதும். 33 ஐ 30 ஆல் பெருக்கி 410 ஆல் வகுத்தால் 2.4. சமநிலைப் புள்ளி 40.6 க்கு வரும், இடைவெளி 11.4 ஆகும். அதற்கு மேல் ஈயம் போடவேண்டாம். இரண்டு விட்டத்தைத் தாண்டினால் ரொக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிச் சாய்ந்து ஓடும்.

தண்ணீர் இல்லாமல் அளந்தது சரி. தண்ணீர் உடனே போய்விடும், மீதி ஏற்றம் முழுக்க வெறும் ரொக்கெட்தான்.

முனை விஷயம் முக்கியம். கிளம்பும்போது முடுக்கம் புவியீர்ப்பின் 35 மடங்குக்கு மேல். தண்ணீர் தீரும் தறுவாயில் உந்துவிசை பாதியாகக் குறைந்தாலும் பாரம் அதைவிடக் குறைந்திருக்கும், ஆகவே முடுக்கம் 45 மடங்கைத் தாண்டும். உங்கள் 150 கிராம் முனை அப்போது ஏழு கிலோ போலக் குழாயை அழுத்தும். குழாயின் மேல்விளிம்பில் உள்பக்கமாக ஒரு ஒட்டுப்பலகை வளையம் ஒட்டி, முனை அதன்மேல் உட்காரும்படி செய்யுங்கள். உரசிப் பிடிக்கும் பொருத்தமாக விட்டால் ஈரத்தில் மரம் ஊதி இறுகிவிடும், பரசூட் வெளியே வராது. முனை தானாக விழும் அளவு இலகுவாக இருந்து, றப்பர் நாடாதான் அதைப் பிடித்திருக்கவேண்டும்.

பரசூட்டுக்குப் பழைய குடைத் துணி, 65 சென்றிமீற்றர் விட்டம். செக்கனுக்கு ஐந்து மீற்றர் சொச்சத்தில் இறங்கும். எட்டு நூல், மேலே மீன்தூண்டிலில் போடும் சுழலி ஒன்று, இல்லாவிட்டால் நூல் முறுக்கேறும். மடிக்கும்போது பவுடர் தூவுங்கள். நேரம் பார்த்து றப்பர் நாடாவை விடுவித்துப் பரசூட்டைத் திறக்க, சாவி கொடுக்கும் பொம்மையின் பற்சக்கரப் பெட்டி நல்லது. அதன் ஊசியைத் தங்கூசியால் (தூண்டில் நைலோன் நூல்) ஏவுதளத்தில் கட்டிவிடுங்கள், கிளம்பும்போது இழுபட்டு ஓடத் தொடங்கும். உச்சிக்குப் போக 2.8 செக்கன், அதையொட்டி வையுங்கள்.

வால்வுக்கட்டை

ஏவுதளம் பற்றி. அரை அங்குல பீவீசீ குழாய் போத்தல் கழுத்துக்குள் ஏறக்குறையப் பொருந்தும், ஓ வளையம் (றப்பர் வளையம்) ஒன்று போட்டால் கசிவு நிற்கும். கடையில் வாங்கும்போது போத்தலைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி 12 கேபிள் டை நிமிர்ந்து நிற்க, அவற்றின் தலை கழுத்து விளிம்பைப் பிடிக்க, வெளியே ஒரு குழாய் வளையம் அவற்றை இறுக்கியிருக்கும். வளையத்தைக் கயிற்றால் கீழே இழுத்தால் பிடி விட்டுவிடும். கீழ்முனையில் டியூப்லெஸ் ரயர் வால்வு. பம்ப் அழுத்தமானியோடு இருக்கவேண்டும், குழாய் 10 மீற்றர் நீளம்.

புதுப் போத்தலைக் காற்றால் சோதிக்கவேண்டாம். வாய்வரை தண்ணீர் நிரப்பி 7 பாருக்கு ஏற்றுங்கள். தண்ணீர் சுருங்காது, ஆகவே வெடித்தாலும் ஒரு தெறிப்போடு அடங்கிவிடும். அதே 7 பார் காற்று நிரம்பியிருந்தால் துண்டு பறக்கும். ஏவும்போது 5 பாருக்கு மேல் போகவேண்டாம், காற்று ஏறியபின் யாரும் கிட்டப் போகவும் வேண்டாம். கயிறு சிக்கினால் தூரத்திலிருந்தே காற்றை விடுவதற்குப் பம்ப் பக்கம் ஒரு கேற் வால்வு வையுங்கள். போத்தலில் வெள்ளைப் புகை போன்ற கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நிழலில் வையுங்கள், கறுப்பு வர்ணம் அடிக்கவேண்டாம்.

உளியும்சீவுளியும்

இடம் பற்றி யாரும் சொல்லவில்லை. உப்புவெளிக் கடற்கரை வேண்டாம். கச்சான் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். 40 மீற்றரிலிருந்து எட்டுச் செக்கன் இறங்கும்போது செக்கனுக்கு 6 மீற்றர் காற்று இருந்தால் 48 மீற்றர் தள்ளிவிடும், நேரே அலைக்குள். மரமும் பொம்மைப் பற்சக்கரமும் உப்புத்தண்ணீரில் விழுந்தால் பிறகு எதற்கும் உதவாது. தம்பலகாமம் வயல்வெளி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சீனக்குடா விமான ஓடுபாதை பக்கத்தில், அதை விடுங்கள். கந்தளாய்ப் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்த வயல் நல்லது. மண் காய்ந்து, அறுத்த நெல்லின் ஒட்டு மட்டும் நிற்கும், துடுப்பு உடையாது. பங்குனியில் காலை எட்டு மணிக்குள் காற்றும் அடங்கியிருக்கும். அதிபரின் கடிதத்தோடு பொலிஸுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் எழுதி, பதில் கையில் வந்தபிறகு நாளைக் குறியுங்கள். வயற்காரரிடமும் முதல்நாளே கேட்டுவிடுங்கள்.

கோணமலைப்பொடியன்

சரி அண்ணா, கடற்கரையை விட்டுவிட்டோம். அல்பீசியாக் கட்டை கிடைத்திருக்கிறது, முனையை அதிலேயே கடைகிறோம். மலைவேம்பைவிட இலேசு என்பதால் நிறை பார்த்துவிட்டு ஈயத்தை மறுபடி கணக்குப் போடுகிறேன்.

உந்துவிசை

அதுதான் முறை. பசை, வார்னிஷ், பரசூட் எல்லாம் உள்ளே போன பிறகு நிறுங்கள், அதற்கு முன் ஈயத்தைப் பதியவேண்டாம். கடைசியில் சமநிலைப் புள்ளியில் மூன்று மீற்றர் கயிறு கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே போனால் ஏவலாம். பக்கவாட்டில் திரும்பினால் இன்னும் ஒரு 10 கிராம்.