மளிகைக் கடைக்கு ரேக் வாங்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் அப்பாவின் மளிகைக் கடையைச் சூப்பர் மார்க்கெட்டாக மாற்றுகிறோம். இடம் 20க்கு 40 அடி. சுவரோரம் 7 அடி உயர ரேக், நடுவில் நாலரை அடியில் இருபக்க ரேக் 2 வரிசை. கல்லாவிலிருந்து பார்த்தால் கடைசி வரை தெரிய வேண்டும், அதனால்தான் நடுவில் உயரம் குறைவு. நடைவழி மூன்றரை அடிதான் மிஞ்சுகிறது. கூடையோடு இருவர் எதிரெதிரே வந்தால் போதுமா, இல்லை ஒரு வரிசையைக் குறைக்கலாமா?

அப்புறம், பழைய ரேக் பாதி விலைக்கு வருகிறது. நேரில் போய்ப் பார்த்தேன். தட்டு மாட்டும் துளைகள் சில அகன்றுபோய், தட்டு லேசாக முன்பக்கம் சாய்கிறது. எண்ணெய், உப்பு, சோப்பு என்று கனமான சரக்கு ஏறும். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவோ வாங்கலாம் என்கிறார். கடை நடத்துகிறவர்கள் சொல்லுங்கள், எத்தனை கேஜ் (தடிமன் அளவு) தகடு தாங்கும்?