பெஞ்சு நடுவில் கைப்பிடி யாருக்காக?

திண்ணைக்காரன்:
இந்த மன்றத்தின் மேம்பால விவாத இழையில் 'வரைபடம்' என்பவர் போகிற போக்கில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "பூங்கா பெஞ்சின் நடுவில் கைப்பிடி வைப்பது முதியவர்கள் பிடித்து எழுந்திருக்க. யாரையும் விரட்டும் எண்ணம் அதில் இல்லை" என்கிறார். முதியவர்களுக்காக என்றால் இரண்டு ஓரத்திலும் வைக்க வேண்டியதுதானே? எங்கள் பூங்காவில் ஓரங்கள் மொட்டையாக இருக்கின்றன, நடுவில் மட்டும் இரும்பு நிற்கிறது. ஆள் படுக்கக் கூடாது என்பதற்குத்தான் அது. லண்டனில் கேம்டன் நகராட்சி 2012இல் வைத்த கான்கிரீட் பெஞ்சைப் பாருங்கள். எங்கும் சரிவு. படுக்க முடியாது, ஸ்கேட்போர்டு ஓட்ட முடியாது, போதைப் பொட்டலம் ஒளித்து வைக்க இடுக்குகூடக் கிடையாது. செய்தவர்களே அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். நம் ஆட்கள் பாட்டியைக் காட்டித் தப்பிக்கிறார்கள்.

வரைபடம்:
என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நடுவில் இருப்பவர் எதைப் பிடிப்பார், காற்றையா? இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் போட்டோ பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

திண்ணைக்காரன்:
தொழில் பெருமை இருக்கட்டும். ஓரத்தில் ஏன் இல்லை? இதற்கு மட்டும் பதில்.

சக்கரம்:
என் தம்பி சக்கர நாற்காலியில் இருப்பவன். நாற்காலியைப் பெஞ்சை ஒட்டி நிறுத்தி, பக்கவாட்டில் நகர்ந்துதான் உட்காருவான். ஓரத்தில் கைப்பிடி வைத்தால் அவன் உட்காரவே முடியாது. ஒரு ஓரமாவது காலியாக இருக்க வேண்டும். மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை போட்டபோதுதான் கடலை அருகில் பார்த்தான். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது. பெஞ்சுக்கு வருவதற்கு முன் நடைபாதையில் ஏற வேண்டாமா? அதைப் பற்றியும் இங்கே பேசலாமே.

வரைபடம்:
பார்த்தீர்களா? ஓரத்தில் ஏன் இல்லை என்பதற்குப் பதில் வந்துவிட்டது.

திண்ணைக்காரன்:
அவர் ஒரு ஓரம் காலியாக வேண்டும் என்கிறார். இன்னொரு ஓரம் என்ன ஆயிற்று? நம் ஊர்த் திண்ணையில் தலை வைக்கச் செங்கல்லிலேயே சரிவான மேடு கட்டினார்கள். வழிப்போக்கன் படுப்பான் என்று தெரிந்தே கட்டினார்கள். கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், தலைச்சுமைக்காரன் யார் உதவியும் கேட்காமல் இறக்கி வைக்கிற உயரத்தில். அந்த ஊரில் இன்று படுப்பவனைத் தடுக்க இரும்பு அடிக்கிறோம்.

கீழத்தெரு:
திண்ணைப் பெருமையை நிறுத்துங்கள். எங்கள் தாத்தாவை எந்தத் திண்ணையில் உட்காரவிட்டார்கள்? அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் அவர். கைப்பிடி இல்லாமலேயே விரட்டத் தெரிந்தவர்கள்தான் அந்தத் திண்ணையைக் கட்டியவர்கள்.

திண்ணைக்காரன்:
அதை நான் மறுக்கவில்லை. கட்டுமானத்தைப் பற்றித்தான் பேசினேன்.

கீழத்தெரு:
யாருக்கு என்று சொல்லாமல் கட்டுமானம் பேசுவது உங்கள் பழக்கம். கோயில் குள இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

ரங்கநாதன்தெரு:
கைப்பிடியை எடுத்தால் பகலிலேயே குடித்துவிட்டுப் படுப்பார்கள், குடும்பத்தோடு எவரும் வரமாட்டார்கள். தி.நகரில் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன். 2019இல் பாண்டி பஜார் நடைபாதையை அகலமாக்கினார்கள், அழகாக இருக்கிறது, சரி. வண்டியை எங்கே நிறுத்துவது?

வைகைக்கரை:
வந்துவிட்டது பார்க்கிங்! சென்னைக்காரர்களுக்குக் கார் நிற்க இடம் இருந்தால் போதும். மதுரையில் நடைபாதை என்று ஒன்று இருந்தால்தானே பெஞ்சைப் பற்றிச் சண்டை போட முடியும்?

ரங்கநாதன்தெரு:
மதுரையைப் பற்றி யார் கேட்டார்கள்? வாடிக்கையாளர் காரில்தான் வருகிறார்.

சக்கரம்:
என் தம்பி காரில் வருவதில்லை.

திண்ணைக்காரன்:
எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் என்று ஒன்று, போதைமருந்து விற்கும் இடமாகவே பேர் எடுத்திருந்தது. பொது இடங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த வில்லியம் ஒயிட் சொன்ன யோசனைகளின்படி மாற்றி 1992இல் திறந்தார்கள். தரையில் பூட்டாத, அவரவர் இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை வைத்தார்கள். கூட்டம் வந்தது. இரும்பு அடித்தா பயத்தைப் போக்கினார்கள்?

வரைபடம்:
பூட்டாத நாற்காலி நம் ஊரில் ஒரு ராத்திரி தாங்குமா? அங்கே ராத்திரி பூங்காவையே பூட்டுகிறார்கள், தெரியுமா? அதை ஏன் சொல்லவில்லை? நடுக் கைப்பிடி இருக்கத்தான் வேண்டும்.

திண்ணைக்காரன்:
நாலு பெஞ்சில் வையுங்கள், நாலு பெஞ்சைச் சும்மா விடுங்கள். உங்கள் அம்மாவும் உட்காரட்டும், மருத்துவமனையில் ஆள் வைத்திருப்பவனும் முதுகைச் சாய்க்கட்டும். எல்லாப் பெஞ்சிலும் நடுவில் மட்டும் வைத்துவிட்டு அதை அக்கறை என்று சொல்லாதீர்கள்.

வரைபடம்:
என் அம்மாவை இழுக்காதீர்கள்.

திண்ணைக்காரன்:
இழுத்ததே நீங்கள்தான்!

வரைபடம்:
மேம்பாலத் தூண் விஷயத்தில் நான் கேட்ட கணக்குக்கு இன்னும் பதில் சொல்லவில்லை நீங்கள். முதலில் அங்கே வாருங்கள்.

ரங்கநாதன்தெரு:
பார்க்கிங்குக்கும் பதில் இல்லை.