எக்ஸ்ஃபோலியேஷன்: உரித்தலா, ஏடுபிரிப்பா?

மா. எழுதியது:
அன்புடையீர், முதுநிலை வேதியியல் செய்முறைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மாலிப்டினம் டைசல்பைடு பகுதியில் எக்ஸ்ஃபோலியேஷன், அதாவது படிகத்தை மெல்லிய படலங்களாகப் பிரித்தல், என்ற இந்த ஒரு சொல்தான் பாக்கி. தூளை ஆர்கான் சூழலில், ஹெக்சேனில் கரைத்த பியூட்டைல் லித்தியத்தில் இரண்டு நாள் ஊறவைக்கிறோம். லித்தியம் படலங்களுக்கு நடுவே புகுந்துகொள்ளும். மிஞ்சிய பியூட்டைல் லித்தியத்தை ஹெக்சேனால் கழுவிவிட்டுத் தூளை நீரில் இட்டால், கிளம்பும் ஹைட்ரஜன் படலங்களைத் தள்ளிப் பிரித்துவிடும். 'அடுக்குரிப்பு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

செ. எழுதியது:
'அடுக்கு' வேண்டாம் அம்மா. அது ஒன்றையும் குறிக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மொத்தத்தையும் குறிக்கும். இந்தச் சேர்மத்தில் குழப்பம் இன்னும் கூடும். ஒரே படலத்துக்குள் கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என மூன்று அணுத்தளங்கள் சகப்பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. படலத்துக்கும் படலத்துக்கும் நடுவில் வலுவற்ற வாண்டர்வால்ஸ் விசைதான், பிரிவது அங்கேதான். 'ஓரடுக்கு' என்றால் மாணவர் ஓர் அணுத்தளம் என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அது மூன்று தளம், சுமார் 0.65 நானோமீட்டர் தடிமன். தளம் வேறு, ஏடு வேறு என்று காட்ட வேண்டும். பாலேட்டில் இருக்கும் ஏடுதான்: ஏடுபிரிப்பு, ஓரேடு.

ந. எழுதியது:
உரித்தலை ஏன் கைவிட வேண்டும்? உரிதல் தன்வினை, உரித்தல் பிறவினை, உரி பெயர்; மூன்றும் கைவசம் உள்ளன. பொருநராற்றுப்படையில் 'அரவுரி அன்ன அறுவை' வருகிறது. இழை போன வழியே கண்ணுக்குப் படாத மென்துணிக்குப் பாம்புரி உவமை. ஒற்றைப் படலத்துக்கு 'ஓருரி' எவ்வளவு பொருத்தம்!

செ. எழுதியது:
அழகான சொல்தான் ஐயா. ஆனால் உரிப்பது மேலிருந்து. படிகத்தின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டிப் படலத்தை எடுக்கும் முறைக்கு அது சரி. லித்தியம் முறையில் படிகம் முழுதும் உள்ளிருந்தே விரிகிறது. அங்கே தோல் என்று ஒன்று இல்லை.

கு. எழுதியது:
எக்ஸ்ஃபோலியேஷன் என்றே விடலாம். ஆய்விதழில் தேடப்போகிறவருக்கு அந்தச் சொல்தான் உதவும். அதைவிட அவசரம், கையேட்டில் சில எச்சரிக்கைகள் சேர வேண்டும். பியூட்டைல் லித்தியம் காற்றுப்பட்டால் தானே தீப்பற்றும். அளவு மிஞ்சினால் சேர்மமே லித்தியம் சல்பைடும் மாலிப்டினமுமாகச் சிதைந்து, பிரிக்கப் படலமே மிஞ்சாது. நன்றாகப் பிரிந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் உலோகத்தன்மையுள்ள 1டி வடிவம், அது ஒளிராது. மந்த வாயுவில் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால்தான் குறைகடத்தியான 2எச் வடிவம் திரும்பும். காற்றில் சூடாக்கினால் ஆக்சைடாகிவிடும். இதை எழுதாமல் விட்டால், ஒளிர்வு வரவில்லை என்று மாணவர் செய்முறையையே குறைசொல்வார்.

மா. எழுதியது:
எச்சரிக்கைகளைச் சேர்த்துவிட்டேன். செ. சொன்ன ஏடுபிரிப்பையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் எக்ஸ்ஃபோலியேஷனும் பக்கத்தில் இருக்கும்.

ந. எழுதியது:
எனக்கு உடன்பாடில்லை. ஒட்டுநாடாப் பகுதியிலாவது உரித்தல் இருக்கட்டும். இன்னொன்று: லித்தியம் புகுவதை 'இடைச்செருகல்' என்று அச்சுப்படியில் பார்த்தேன். மூலத்தில் இல்லாமல் பின்னால் நுழைத்த பாடலை அல்லவா அப்படிச் சொல்வோம்? 'இடைப்புகுத்தல்' போதும். அதையாவது வெள்ளிக்குள் மாற்றுங்கள்.