தாமரைக்கு மேலே

*குழு: எங்கள் வீடு*

கலா (காலை 6:12): பொள்ளாச்சியிலிருந்து கிளம்பிவிட்டேன். சேத்துமடை வழியாக டாப்சிலிப். இன்று வண்டிக்கு ஓய்வு, காலுக்கு வேலை. காட்டில் சிக்னல் கிடைக்காது. சாயங்காலம் வரை யாரும் தேட வேண்டாம்.

பாலு (6:15): [படம்: தாமரை, இனிய காலை வணக்கம்]

சுமதி (6:16): [படம்: பழனி முருகன்]

குமார் (6:31): [படம்: ஆவி பறக்கும் காபி]

பாலு (6:40): [வீடியோ: வெந்தயத் தண்ணீரின் நன்மைகள்]

பாலு (பகல் 1:05): கலா எங்கே? மூன்று முறை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது.

சுமதி (1:06): பதினோரு நாளாகத் தனியாகக் கார் ஓட்டுகிறாள். கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்று அன்றைக்கே சொன்னேன்.

நித்யா (1:10): மாமா, அம்மா காலையிலேயே சொல்லிவிட்டார்கள். மேலே போய்ப் பாருங்கள்.

பாலு (1:12): மேலே தாமரைதான் இருக்கிறது.

நித்யா (1:12): தாமரைக்கு மேலே மாமா.

பாலு (1:15): சரி, பார்த்தேன். புலி இருக்கிற காட்டில் ஒற்றை ஆளாக எப்படி நடக்க விட்டார்கள்?

அருண் (1:18): விட மாட்டார்கள் அப்பா. ஆனைமலைப் புலிகள் காப்பகம் அது. வனத்துறை வழிகாட்டி கூட வருவார்.

கலா (மாலை 4:48): [படம்]

சுமதி (4:49): ஐயோ! உள்ளங்கை முழுக்க ரத்தம்!

பாலு (4:49): கலா என்ன ஆயிற்று

பாலு (4:49): போனை எடு

அருண் (4:50): அத்தை, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை உயர்த்தியே வையுங்கள்.

சுமதி (4:52): மாசாணியம்மா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலா (4:57): எல்லாரும் மூச்சு விடுங்கள். அது தேக்கு. துளிர் இலையைக் கசக்கினால் கை மருதாணி வைத்ததுபோல் சிவந்துவிடும். வழிகாட்டி செய்து காட்டினார். விளக்கமும் எழுதினேன், படம் மட்டும் போய்விட்டது.

பாலு (4:58): எனக்கு பிரஷர் இருக்கிறது, தெரியுமல்லவா?

கலா (4:58): தெரியும் அண்ணா. வெந்தயத் தண்ணீர் குடித்திருப்பீர்கள் என்ற தைரியம்தான்.

கலா (5:20): சேத்துமடைக்கு இறங்கிவிட்டேன், இப்போது முழுதாகச் சொல்கிறேன். எட்டு மணிக்குக் கரியன் சோலைக்குள் நுழைந்தோம். நான், வழிகாட்டி, கோவையிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள். வெளியே நல்ல வெயில். உள்ளே பத்தடி வைத்ததும் யாரோ விளக்கை அணைத்ததுபோல் ஆகிவிட்டது. பையன்கள் வாய் ஓயவில்லை. வழிகாட்டி ஒரு முறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான், கப்சிப். கொஞ்ச தூரத்தில் யானை லத்தி, லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. காலால் தொட்டுப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் எங்களை வேறு தடத்தில் திருப்பிவிட்டார். அப்புறம் தலைக்கு மேல் பழைய கரி ரயில் மூச்சு வாங்குவதுபோல் ஒரு சத்தம். இருவாச்சி! இறக்கையடிக்கிற சத்தமே அப்படி.

குமார் (5:26): ஷோலா காடு என்று எல்லாரும் சொல்வது நம் சோலைதான் அக்கா. ஆங்கிலத்துக்குப் போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

கலா (5:31): டாப்சிலிப் பிறக்கும்போதே கோட்டோடு பிறந்தது. வெட்டிய மரத்தை மலை உச்சியிலிருந்து வழுக்கி விட்ட இடம். அப்படி வெட்டித் தீர்த்த காட்டில் மறுபடி தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் மண்ணில் குத்தி, விதையைப் போட்டபடியே நடப்பாராம். 1933இல் இறந்தார், கல்லறை இங்கேதான். ‘என் நினைவுச்சின்னம் வேண்டுமா, சுற்றிப் பார்’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. சுற்றிப் பார்த்தேன். ஒரு காட்டுப்பன்றி நின்றது.

கலா (5:33): ஒன்று சொல்கிறேன், பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. தேக்குகள் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி வரிசையில் நிற்கின்றன. சோலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சாய்ந்து, இடம் பிடித்து, நம் வீட்டுக் கல்யாணப் பந்தி மாதிரி. எனக்குப் பந்திதான் பிடித்தது.

பாலு (5:40): கன்னிமாரா தேக்கைப் பார்த்தாயா?

கலா (5:44): இல்லை அண்ணா, அது பரம்பிக்குளம் பக்கம், கேரள எல்லைக்குள். ரொம்ப உயரமாம். நேரம் போதவில்லை. அதை வெட்டக் கோடாலி போட்டபோது ரத்தம் பீறிட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள் என்று இங்கே ஒரு கதை உண்டு.

குமார் (5:45): உன் கையைப் பார்த்த பிறகு நம்புகிறேன்.

கலா (இரவு 7:42): அறைக்கு வந்து இப்போதுதான் ஷூவைக் கழற்றினேன். [படம்]

சுமதி (7:43): இதுவும் தேக்கா?

கலா (7:43): இல்லை அண்ணி, இது அசல். அட்டை. ஒன்று குடித்துவிட்டுப் போய்விட்டது. இன்னொன்று விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி சாக்ஸுக்குள் உருண்டு கிடக்கிறது. வலிக்கவே இல்லை.

அருண் (7:45): கடிக்கும்போது தெரியாது அத்தை. ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளைச் செலுத்தும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திக் கட்டுங்கள். இனிமேல் ஒட்டியிருந்தால் உப்புப் போடாதீர்கள், வாய்ப்பக்கம் நகத்தால் நெம்புங்கள்.

பாலு (7:46): எங்கள் காலத்தில் மூக்குப்பொடிதான்.

அருண் (7:46): அப்பா.

பாலு (7:50): நாளைக்கு எங்கே?

கலா (7:51): வால்பாறை.

பாலு (7:52): ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றைத் தாண்டியதும் எண்ணைப் போடு.

கலா (7:52): வண்டி ஓட்டவா, டைப் அடிக்கவா?

*மறுநாள்*

பாலு (காலை 6:10): [படம்: ரோஜா, இனிய காலை வணக்கம்]

கலா (9:20): [படம்: மேலிருந்து ஆழியாறு அணை] 9. லோம்ஸ் வியூ. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பாலு (9:21): 1 முதல் 8 வரை எங்கே?