களிமண் பாதைக்குப் பழைய மஹிந்திரா தாரா, 2020க்குப் பிந்தைய தாரா?

கோரையாற்றங்கரை:
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் நிலம் இருக்கிறது. சாலையிலிருந்து களம்வரை வாய்க்கால் கரையில் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் களி டயரில் அப்பிக்கொண்டு, மட்கார்டு வரை அடைத்து, பைக்கை உருட்டக்கூட முடிவதில்லை. உரமூட்டை ஏற்றிச் செல்ல நான்கு சக்கரமும் இழுக்கும் மஹிந்திரா தார் ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணுகிறேன். 2014 சிஆர்டிஇ (பழைய தாரின் டீசல் எஞ்சின் வகை) ஒன்றும், அதைவிட விலை மிகக் கூடிய 2021 டீசல் ஒன்றும் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைத் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டும். எதை எடுக்கலாம்?

வெண்ணாற்றுவாசி:
சேற்றைப் பொறுத்தவரை இரண்டுமே போகும். மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு ஓட்டும் லோ கியர் இரண்டிலும் உண்டு. பழையதன் 105 குதிரைத்திறனா புதியதன் 130ஆ என்பதைவிட டயரின் பட்டன்தான் (மேலே துருத்தும் கட்டைகள்) நம் களிமண்ணில் பேசும். ஆனால் 2014ஐ நான் எடுக்க மாட்டேன். பின்சக்கரம் ஒன்று பிடிப்பில்லாமல் சுழலும்போது தானாகவே பூட்டிக்கொள்ளும் டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்லிணை), பழைய தாரில் 2015இல்தான் வந்தது. என்னுடையது 2016. வரப்போரம் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அரைச் சுற்று வீணாகச் சுற்றும், பிறகு அடியில் ‘டக்’கென்று ஓர் ஓசை, வண்டி ஏறிவிடும். பழையதுதான் என்றால் 2015 நடுவிலிருந்து 2020 வரை தேடுங்கள்.

குடந்தை டீசல்:
வயலை மட்டும் பார்த்தால் மேலே சொன்னது சரி. அம்மா வருகிறார் என்பதால் நான் 2021 பக்கம். பழையதில் ஏர்பேக் கிடையாது. பின்னால் ஏறுபவர் எதிரெதிர் பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார வேண்டும். புதியதில் முன்னால் இரண்டு ஏர்பேக், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனை அமைப்பு 2020இல் கொடுத்த 4 நட்சத்திரம் எல்லாம் உண்டு. ஒரு குறை: அதன் புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டி, வீட்டுக்கும் வயலுக்குமாக ஓடும் சிறு ஓட்டத்தில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தஞ்சாவூர்ப் பயணம் ஓரளவு உதவும் என்றாலும் அது ஒன்று போதாது. இன்னொன்று, 2023 ஜனவரி முதல் இதே உருவில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனைக்கு வந்தது. வேறு வண்டி பார்க்க நேர்ந்தால் கியருக்குப் பக்கத்தில் நான்கு சக்கர இழுவைக்கான இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்பளத்தான்:
நான் வேதாரண்யம் பக்கம். எந்த ஆண்டு வண்டியானாலும், எங்கள் கடற்கரையில் ஓடியது என்றால் சேஸிஸை (அடிச்சட்டத்தை) அடியில் படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்றது மந்தமாக ஒலித்துப் பொருக்காக உதிரும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் ஓங்கித் தட்டுங்கள். 2014 வண்டியின் ஆர்சி (பதிவுச் சான்று) 15 ஆண்டுக் கணக்கில் 2029இல் முடியும், பிறகு எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலை பேசும்போது சொல்லுங்கள்.

கோரையாற்றங்கரை:
மூவருக்கும் நன்றி. 2014ஐ விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடும் அம்மாவோடும் 2021ஐப் பார்க்கப் போகிறேன். அந்த உயரப் படியில் அவரால் ஏற முடிந்தால்தான் விலையே பேசுவேன்.